பழைய காரின் கன்வெர்ட்டரை எடைக்குப் போடாமல் விற்றது

இன்ஜின் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பழைய காரிலிருந்து கழற்றித் துருப்பிடித்த சைலன்ஸரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். வெளியே இருப்பது எஃகுக் கூடு, உள்ளே இருப்பது பீங்கான். தராசில் வைத்தால் சில கிலோ வரும், இரும்புக் கணக்கில் அதற்குப் பெரிய விலை கிடையாது. அந்தப் பீங்கானின் மேல் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் படிந்திருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய மூன்று உலோகங்களின் மதிப்பு, கூட்டின் எஃகு விலையைவிடப் பல மடங்கு அதிகம். அவை எவ்வளவு இருக்கின்றன என்பதைச் சொல்வது கூட்டில் பொறித்திருக்கும் எண். அவை முழுமையாக இருக்கின்றன என்பதைக் காட்டுவது உடையாத பீங்கான். இந்த இரண்டையும் காப்பாற்றி வாங்குபவர் கைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த வேலை முழுவதும். என் காரின் பழைய கன்வெர்ட்டரைக் கழற்றி விற்று முடித்ததை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வண்டி 2000-ஆம் ஆண்டுக்குச் சற்றுப் பின்னர் தயாரான பெட்ரோல் கார். கன்வெர்ட்டர் இன்ஜினோடு ஒட்டியிருக்காமல் வண்டியின் அடியில், இரு முனைகளிலும் ஃபிளாஞ்சு என்னும் விளிம்புத் தகடு வைத்து போல்ட்டால் பூட்டப்பட்ட வகையைச் சேர்ந்தது. முன்னும் பின்னும், வெளியேறும் வாயுவில் உள்ள ஆக்சிஜனை உணரும் சென்சார் ஒவ்வொன்று உண்டு. இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஸ்கேனரில் பார்த்தபோது P0420 என்ற குறியீடு வந்தது. கன்வெர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பது அதன் பொருள். குறியீட்டைப் பார்த்தவுடனே கன்வெர்ட்டரைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. குழாயில் கசிவு இருந்தாலும், பின்சென்சார் கெட்டுப்போனாலும் இதே குறியீடு வரும். கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு இரு சென்சார்களின் மின்னழுத்தத்தையும் ஒப்பிட்டேன். நல்ல கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்க வேண்டும். இதிலோ அது முன்சென்சாரைப் போலவே மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. முன்சென்சாரின் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, இன்ஜினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓட்டிப் பார்த்தேன். சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டைத் தாண்டினால் அடைப்பு என்று கொள்வார்கள். முள் அதற்கு வெகு கீழேயே நின்றது. ஆகவே பீங்கான் உருகவும் இல்லை, அடைக்கவும் இல்லை. வினையூக்கியாக வேலை செய்யும் அந்த உலோகப் படிவு மட்டும் களைத்துவிட்டது.

இன்ஜின் ஆயில் குடித்துக்கொண்டிருந்ததுதான் மூல காரணம். வால்வு சீல்கள் கெட்டியாகி, ஆயில் எரி அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் புதிய கன்வெர்ட்டரைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும் என்பதால் சீல்களை முதலில் மாற்றினேன். கன்வெர்ட்டரை விற்றுவிட்டு அந்த இடத்தில் வெறும் குழாயைப் பொருத்தி ஓட்டுகிறவர்களும் உண்டு. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சுத்திகரிக்கப்படாமல் அப்படியே வெளியே போகும் அந்த ஏற்பாடு பல நாடுகளில் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் பின்னால் வருகிறவர் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். எனவே புதியது கைக்கு வந்த பிறகே பழையதில் ஸ்பானரை வைத்தேன்.

புதியதைப் பட்டறையில் போட்டுக்கொள்கிறவர்கள் வேலை தொடங்கும் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. சில பட்டறைகள் பழைய கன்வெர்ட்டரைத் தாங்களே வைத்துக்கொண்டு கூலியில் கழிவு தருவார்கள். சிலர் கழிவும் தராமல் வைத்துக்கொள்வார்கள். பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்கிவிட்டால் பிறகு வாக்குவாதத்துக்கு இடமில்லை. நான் கழற்றும் வேலையை நானே செய்தேன்.

பழைய வண்டிகளில் ஃபிளாஞ்சு போல்ட்டுகள் துருவோடு துருவாக இறுகிக் கிடக்கும். கிரைண்டரை எடுத்து இரு பக்கமும் அறுத்துத் தள்ளிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. குழாய்க்கு எஃகு விலைதான் கிடைக்கும் என்பதால் அதை அறுப்பதால் நட்டம் பெரிதாக இல்லை. அறுவை கூட்டின் கூம்புப் பகுதிக்குள் இறங்கிவிட்டால்தான் ஆபத்து. அப்போது பீங்கான் அதிர்வில் விரிசல் விட்டு உதிரத் தொடங்கும், உதிர்ந்த ஒவ்வொரு துண்டோடும் உலோகமும் போகும். அறுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் கூட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, நேரான குழாயில்தான் அறுக்க வேண்டும்.

முந்தைய நாள் மாலையிலேயே துரு இளக்கும் எண்ணெயை எல்லா நட்டுகளிலும் சென்சார்களின் அடியிலும் விட்டுவைத்தேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, தாங்கிகளின் மேல் ஏற்றிய பிறகே அடியில் படுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பை வைக்கவே கூடாது. ஆக்சிஜன் சென்சாருக்கு 22 மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும். ஒயர் நுழைவதற்குப் பக்கவாட்டில் பிளவு விட்ட சாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. குழாய் லேசாகச் சூடாக இருக்கும்போது சென்சார் எளிதாக இளகும். பின்சென்சார் ஒரு கிறீச் ஒலியோடு அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் பலம் கொடுத்தால் மரை உரிந்துவிடும். திரும்ப உள்ளே திருகி, எண்ணெய் விட்டு, வெளியே கொஞ்சம் உள்ளே கொஞ்சம் என்று முன்னும் பின்னுமாக நகர்த்த நகர்த்த, மரைக்குள் கரிந்து கிடந்த துருத்தூள் செம்மண் நிறத்தில் எண்ணெயோடு கசிந்து வழிந்தது. அது வழியத் தொடங்கிய பிறகு கை பலத்திலேயே சென்சார் வெளியே வந்துவிட்டது. புதிய கன்வெர்ட்டரில் அதே சென்சாரைப் போடும்போது மரையில் மட்டும், அதன் நுனியில் படாமல், இறுகாமல் காக்கும் நிக்கல் பசையைத் தடவினேன்.

ஃபிளாஞ்சு போல்ட்டுகளில் ஒன்றின் தலை துருவில் கரைந்து உருண்டையாகிவிட்டிருந்ததால் அதை மட்டும் அறுத்தெடுத்தேன். மற்றவை பொறுமைக்கு இணங்கின. பெட்ரோல் குழாய் பக்கத்திலேயே ஓடுவதால் தீ காட்டிச் சூடேற்றும் முறையை நான் நாடவில்லை. கடைசி போல்ட்டைக் கழற்றும் முன் கன்வெர்ட்டரின் அடியில் ஜாக்கியையும் பலகையையும் முட்டுக் கொடுத்து, மெதுவாக இறக்கினேன். இரும்புதானே என்று தரையில் பொத்தென்று போட்டால், சூட்டிலும் குளிரிலும் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்த பீங்கான் அந்த ஒரே அடியில் நொறுங்கிவிடக்கூடும். இறக்கியவுடன் இரு முனைகளையும் துணி வைத்து ஒட்டுநாடாவால் மூடிவிட்டேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒருமுறையாவது சொந்தக் கண்ணால் பார்த்துவிடுவது பேரத்துக்கு உதவும். மேசையில் வைத்து ஒரு முனையில் டார்ச் விளக்கை அடித்து மறுமுனையில் பார்த்தேன். தேனடை போல நெருக்கமாக, ஆனால் சதுரமான துளைகள். சதுர அங்குலத்துக்கு நானூறு துளைகள் என்பது பல கார்களில் உள்ள அளவு, சுவரின் கனம் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். முன்முகத்தில் பழுப்புச் சாம்பல் படிந்திருந்தது. ஆயில் எரிந்ததன் மிச்சம் அது. ஓரங்களில் உடைசல் இல்லை, நடுவில் குழி இல்லை. கையில் எடுத்து மெல்ல ஆட்டினால் கலகலவென்ற சத்தமும் இல்லை. பல கன்வெர்ட்டர்களில் இரண்டு பீங்கான் கட்டிகள் அடுத்தடுத்து இருக்கும். அவற்றின் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக அமையாவிட்டால் வெளிச்சம் மங்கலாகத்தான் வரும். அந்த மங்கலை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவு கட்டக் கூடாது.

இந்தப் பீங்கான் கார்டியரைட் என்னும் மக்னீசியம் அலுமினியம் சிலிகேட்டால் ஆனது. அதன் சுவர்களின்மேல் அலுமினாப் பூச்சு இருக்கிறது. நுண்துளைகள் நிறைந்த அந்தப் பூச்சின் ஒரு கிராமுக்குள் நூறு சதுர மீட்டர் அளவில் பரப்பு அடங்கியிருக்கும். அந்தப் பரப்பில்தான் உலோகங்கள் நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் தூவப்பட்டிருக்கின்றன. பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் மாற்றுகின்றன. ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடுகளை மீண்டும் நைட்ரஜனாக்குகிறது. சிறிய, நடுத்தரக் கார்கள் பெரும்பாலானவற்றில் மூன்றும் சேர்ந்தே சில கிராம்தான் இருக்கும். சில கிராமா என்று அலட்சியமாக எண்ண வேண்டாம்: தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் ஒரு டன் பாறையை வெட்டியெடுத்தாலும் இந்த உலோகங்கள் சில கிராமே கிடைக்கின்றன, ஒரு டன் கன்வெர்ட்டர் பீங்கானிலோ ஒரு கிலோவும் அதற்கு மேலும் கிடைக்கும்.

வேலை செய்யாத கன்வெர்ட்டர் என்பதால் விலையைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்தை விற்பவர்கள் எதிர்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். எனக்கும் அது சொல்லப்பட்டது. அதற்குப் பதில் வேதியியலிலேயே இருக்கிறது. கன்வெர்ட்டர் களைத்துப்போவதற்குக் காரணம் உலோகம் தீர்ந்துபோவது இல்லை. அதிக வெப்பத்தில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துகள்களாகிவிடுகின்றன, அதனால் வாயு தொடும் பரப்பு சுருங்குகிறது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் மேலே படலமாக மூடிவிடுகின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் ஈயம் இதே கேட்டைச் செய்தது. எந்த நிலையிலும் உலோகம் பெரும்பாலும் அங்கேயேதான் கிடக்கிறது. உருக்கிப் பிரிக்கிறவருக்குத் துகள் சிறியதா பெரியதா என்பது பொருட்டே அல்ல. செத்த கன்வெர்ட்டரும் உயிருள்ள கன்வெர்ட்டரும் உடைந்து கொட்டாதவரை பழைய சரக்குச் சந்தையில் ஏறக்குறைய ஒரே விலைதான். இதைப் பணிவாகவும் உறுதியாகவும் சொன்னவுடன் எதிரில் இருந்தவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அடுத்து எண். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டது இதற்குத்தான், அப்படிச் செலவிட்டதும் வீண்போகவில்லை. கார் தயாரிப்பாளர் போட்ட அசல் கன்வெர்ட்டராக இருந்தால், கூட்டிலோ வெப்பத் தடுப்புத் தகட்டிலோ எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குறியீடு அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குகிறவர்களிடம் ஆயிரக்கணக்கான குறியீடுகளுக்கான விலைப்பட்டியல் இருக்கிறது; ஒவ்வொரு குறியீட்டிலும் எந்த உலோகம் எவ்வளவு என்பது முன்பே சோதித்து எழுதப்பட்டிருக்கும். எண் படிக்க முடியாத கன்வெர்ட்டர் அவருக்கு ஊர் பேர் தெரியாத சரக்கு. அவர் அதற்குத் தரும் விலையும் பாதுகாப்புக்காகக் குறைத்தே மதிப்பிட்டதாக இருக்கும். சில தயாரிப்பாளர்கள் எண்ணைத் தடுப்புத் தகட்டில் மட்டும் பொறிப்பதால், துருவில் கழன்று தொங்கும் அந்தத் தகட்டை இடைஞ்சல் என்று பிய்த்தெறிந்துவிட்டால் அடையாளமும் அதோடு போய்விடும்.

துருவை எடுக்க கிரைண்டர் சக்கரத்தை வைத்தால் எண்ணும் சேர்ந்து மழுங்கிவிடும். மென்மையான கம்பி பிரஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, அந்த இடத்தின் மேல் வெள்ளைச் சாக்பீஸைக் குறுக்கே அழுத்தித் தேய்த்தேன். பிறகு உள்ளங்கையால் மேலோட்டமாகத் துடைத்ததும் மேற்பரப்பில் இருந்த வெண்மை போய், பள்ளங்களில் மட்டும் சாக்பீஸ் தங்கி எழுத்துகள் தெளிந்து வந்தன. டார்ச் விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் விடுபட்ட கோடுகளும் நிழலில் தெரியும். எட்டும் ஆங்கில ‘B’யும், சுழியமும் ‘ஓ’வும் துருவில் ஒன்றுபோலத் தோன்றும்; ஓர் எழுத்து மாறினால் வேறொரு வண்டியின் கன்வெர்ட்டராகிவிடும், விலையும் அதற்கேற்ப மாறும். எண்ணைக் கிட்டத்திலிருந்து படமெடுத்ததோடு, தயாரிப்பாளரின் முத்திரை, கூட்டின் முழு உருவம், இரு முனைகளிலும் தெரியும் பீங்கான் முகம் ஆகியவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொண்டேன். வாங்குபவர்களிடம் நேரில் போகும் முன்பே இந்தப் படங்களை அனுப்பி விலை கேட்க முடிந்தது.

பழைய கார் என்றால் இடையில் யாராவது கன்வெர்ட்டரை மாற்றியிருக்கும் வாய்ப்பும் இருக்கிறது. கார் தயாரிப்பாளர் அல்லாத வேறு நிறுவனங்கள் செய்யும் வெளிச்சந்தைக் கன்வெர்ட்டர்களில் உலோகம் அசலில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். அவற்றுக்குக் கிடைக்கும் விலையும் அப்படியே. கூடு வழவழப்பாக இருப்பது, வாயு போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி, தயாரிப்பாளரின் முத்திரை இல்லாமை, குழாயில் புதிய வெல்டிங் தடம் ஆகியவை சேர்ந்து வந்தால் வெளிச்சந்தைப் பொருள் என்று சந்தேகிக்கலாம். அசல் சிலவற்றிலும் அம்புக்குறி இருப்பதால் ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது. உள்ளே பீங்கானுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகட்டைச் சுருட்டி வைத்த வகை தனிக் கணக்கு. டீசல் வண்டியின் கரித்துகள் வடிகட்டியும் தனிக் கணக்கு. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து வந்த சில கன்வெர்ட்டர்களில் தேனடைக்குப் பதில் சின்னச் சின்ன அலுமினா உருண்டைகள் நிறைந்திருக்கும். மிகப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதையும் எதிர்பார்க்கலாம்.

விற்கும் சங்கிலி நீளமானது. பழைய இரும்புக் கடைக்காரர் வாங்கி, கன்வெர்ட்டர்களை மட்டும் சேர்க்கும் வியாபாரிக்குத் தருவார். அவர் கூட்டை வெட்டிப் பீங்கானைப் பிரிக்கும் ஆலைக்கு அனுப்புவார். அங்கே அரைத்துத் தூளாக்கி மாதிரி எடுத்த பிறகு, பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் உள்ள யூமிகோர் ஆலை போன்ற உருக்காலைக்குச் சரக்கு போய்ச் சேரும். ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், ஆதலால் சங்கிலியில் எவ்வளவு மேலே விற்க முடிகிறதோ அவ்வளவு நல்லது. ஒரே ஒரு கன்வெர்ட்டர் வைத்திருப்பவர் உருக்காலையை நேரடியாக அணுக முடியாது, அவர்களுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. சேர்ப்பு வியாபாரி வரை போக முடியும். பலரிடம் கேட்டேன். எண்ணைக் கேட்காமலே எடுத்த எடுப்பில் விலை சொன்னவர் சொன்னது அடிமாட்டு விலை. எண்ணையும் படத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னவர்களின் விலைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தன, அவை எல்லாமே முதலாமவர் சொன்னதைவிடப் பல மடங்கு. கண்ணை மூடிக்கொண்டு எடைக்கு விலை சொல்பவரிடம் இந்தப் பொருளைப் பற்றி மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

விலை ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், ரோடியத்தின் உலகச் சந்தை விலை 2021-இல் 25,000 டாலரைத் தாண்டியது. 2023 முடிவதற்குள் 5,000 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. பல்லேடியம் 2022 மார்ச்சில் 3,000 டாலரைத் தொட்டுவிட்டு அடுத்த ஆண்டிலேயே பாதிக்கும் கீழே போனது. ஆகவே நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தொகையை வைத்துக்கொண்டு இன்றைய வியாபாரியிடம் வாதாடுவது வீண். அவர் ஏமாற்றவில்லை, உலோகத்தின் விலைதான் மாறியிருக்கிறது. ஜான்சன் மத்தே நிறுவனம் இந்த உலோகங்களின் அன்றாட விலையை வெளியிடுகிறது. விலை கேட்கும் நாளில் அதையும் குறித்துக்கொண்டால், விற்கும் நாளில் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப விலை நகர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம். என் விஷயத்தில் வியாபாரி சொன்ன விலை எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டு, அந்தக் கெடுவுக்குள்ளேயே கொண்டுபோனேன்.

நேரில் அவர் சோதித்த விதம் எனக்கு நிறைவாக இருந்தது. முதலில் முனைகளில் ஒட்டியிருந்த நாடாவைப் பிரித்து இரு பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு மெல்லிய கேமராக் குழாயை ஒரு முனையில் நுழைத்து, பீங்கான் முகத்தை வட்டமாகச் சுற்றிப் பார்த்தார். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு மண்ணையோ வேறு கல்லையோ அடைத்து விற்க முயல்கிறவர்கள் இருப்பதால் இந்தச் சோதனை அவருக்குத் தேவை, அதற்கு மனம் கோணக் கூடாது. பீங்கான் பாதி கொட்டியிருந்தால் பாதி விலை என்பது அவர்களின் நடைமுறை. எண்ணைப் பட்டியலில் தேடி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கூட்டின் எடையை அவர் கேட்கவே இல்லை.

பட்டியல் விலைக்கு விற்பது ஒரு முறை. ஆய்வு முடிவுக்கு விற்பது இன்னொரு முறை. இரண்டாவதில் பீங்கானைத் தூளாக்கி, ஈரம் நீக்கி, கலந்து, மாதிரி எடுத்து, எக்ஸ்-கதிர் கருவியிலும் பிறகு ஆய்வகத்திலும் சோதித்து, கண்ட உலோகத்தில் இத்தனை சதவீதம் என்று பணம் தருவார்கள். சுத்திகரிப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள், முழுக் கணக்கு முடிய வாரக்கணக்கில் ஆகும். பல கன்வெர்ட்டர்களைத் தொடர்ந்து சேர்க்கும் பட்டறைக்கு அதுதான் நியாயமான வழி, ஏனென்றால் பட்டியலில் வைக்கும் பாதுகாப்புக் கழிவு அங்கே இல்லை. ஒற்றைக் கன்வெர்ட்டருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

கூட்டை நாமே வெட்டிப் பீங்கானை மட்டும் எடுத்துப்போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு அழுத்தமாகவே சொல்ல வேண்டும்: வேண்டாம். பீங்கானுக்கும் கூட்டுக்கும் இடையில் அலுமினோசிலிகேட் நார்ப் பாய் சுற்றியிருக்கக்கூடும். அவ்வகை நார்களில் சிலவற்றை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வகைப்பாட்டில் வைத்திருக்கிறார்கள். பீங்கான் தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. உடல்நலத்தை ஒதுக்கி வைத்துக் காசுக் கணக்கு மட்டும் பார்த்தாலும் நட்டம்தான்: கூட்டிலிருந்து பிரித்த பீங்கானுக்கு எண் கிடையாது, எந்த வண்டியுடையது என்று நிரூபிக்க முடியாது, பட்டியல் விலை பொருந்தாது. ராஜதிராவகத்தில் கரைத்து வீட்டிலேயே பிளாட்டினம் எடுக்கலாம் என்று காட்டும் காணொளிகளை நம்பிக் குளோரினும் நைட்ரஜன் டைஆக்சைடும் கிளம்பும் அமிலத்தோடு விளையாட வேண்டாம். ரோடியம் ராஜதிராவகத்தில் எளிதில் கரைவதும் இல்லை, அப்படிக் கரைசலில் உண்டாகும் பிளாட்டினம் உப்புகள் மூச்சுத் திணறலும் ஒவ்வாமையும் தரக்கூடியவை.

வாங்குபவர் என் அடையாளச் சான்றையும் வண்டியின் பதிவுச் சான்றையும் கேட்டு நகல் எடுத்துக்கொண்டார். பல நாடுகளில் நிறுத்தி வைத்த வண்டிகளின் அடியிலிருந்து கன்வெர்ட்டர்களை அறுத்துத் திருடும் கூட்டங்கள் பெருகியதால், வாங்குபவர் உரிமையாளர் விவரத்தைப் பதிவு செய்வது சட்டமாகவே ஆகியிருக்கிறது. கேட்காத இடத்திலும் நாமே கொடுப்பதுதான் நல்லது. புதிய கன்வெர்ட்டர் வாங்கிய ரசீதையும் கூடவே கொண்டுபோனேன். பழையது எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. எந்தக் கேள்வியும் கேட்காமல் கைமேல் காசு கொடுக்கும் இடத்தில் நேர்மையான வண்டி உரிமையாளர் நிற்க வேண்டிய அவசியமில்லை.

பணத்தை வங்கிக் கணக்கில் பெற்றுக்கொண்டு, கன்வெர்ட்டரின் எண், வண்டியின் சேஸிஸ் எண், தேதி, தொகை ஆகியவை எழுதப்பட்ட ரசீதையும் வாங்கிக்கொண்டேன். தொகை புதிய வெளிச்சந்தைக் கன்வெர்ட்டரின் விலையில் ஒரு நல்ல பகுதியை ஈடுகட்டியது. வண்டியில் இப்போது இருக்கும் கன்வெர்ட்டரின் கூட்டில் சேஸிஸ் எண்ணை ஆழமாகப் பொறித்து, அதன் படத்தையும் பழையதன் ரசீதையும் வண்டியின் கோப்பில் சேர்த்துவிட்டேன். இது அசல் அல்ல, எந்த ஆண்டு எந்தக் காரணத்துக்காக மாற்றப்பட்டது என்ற குறிப்பையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறேன். வண்டி வேறு கைக்கு மாறினால், அதை வாங்குகிறவர் அசல் கன்வெர்ட்டர் இருப்பதாக எண்ணி விலை பேச வேண்டியிருக்காது.